கரைந்த ஒட்டு, கரையாத ஒட்டு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச்சில் ஒரு நாள், மதிய மழை விட்ட நேரம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைவரிசையில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு அந்த அக்கா வந்தார். கைப்பையிலிருந்து பழைய மருந்துக் கவர் ஒன்றை எடுத்து, அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த சீட்டை மேசையில் விரித்தார். 20 மாதங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது. "4 முதல் 6 மாதத்துக்குள் வரவும்" என்று அதில் இருந்தது.

"டாக்டர், 55 முடிஞ்சிருச்சு. சேமநிதி காசு வந்துருச்சு. இப்ப அந்த ஸ்குரு பல்லு வெச்சிடலாம்."

வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு நல்ல இளஞ்சிவப்பு. வீக்கம், புண் எதுவும் இல்லை. ஆனால் எலும்பு ஒட்டு வைத்த இடத்தை, அதாவது பல் பிடுங்கிய குழியில் எலும்பு வளர நான் துகள் நிரப்பிய இடத்தை, கன்னப் பக்கமாக விரலால் தடவியபோது, அகலமான திண்ணைபோல இருக்க வேண்டியது வரப்புபோல ஒடுங்கிக் கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலை எடுக்காமல் இன்னொரு முறை தடவினேன், ஏதோ தவறவிட்டதுபோல.

ஒட்டு கெட்டுப்போகவில்லை. அது கரைய வேண்டிய நேரத்தில் ஒழுங்காகக் கரைந்திருந்தது. கணக்குத் தவறியது என்னிடம். அது எப்படித் தவறியது என்பதைப் பதிவு செய்யவே அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றி, இதை எழுதுகிறேன்.

நோயாளியும் பல்லும்

2022 ஜூலையில் முதலில் வந்தபோது அவருக்கு வயது 53. பதினாறு வயதில் அம்மாவோடு பால் மரம் சீவப் போனவர். பிறகு பல ஆண்டுகள் தோட்டத்து நாற்றங்காலில் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் வேலை. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்குப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) வீடு வாங்கிக்கொண்டு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சேர்ந்துவிட்டார்.

பிரச்சினை, கீழ் இடது முதல் கடைவாய்ப் பல். பல ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்த பல், மேலே உறை போடவில்லை. கொட்டைப் பாக்கைக் கடித்தபோது 'டக்'கென்று சத்தம் கேட்டதாகச் சொன்னார். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தது. இப்படிப் பிளந்த வேரைக் காப்பாற்ற வழியில்லை. அதைவிட மோசம், பிளவு வழியாக இறங்கிய கிருமி கன்னப் பக்கத்து எலும்புச் சுவரைப் பாதி தின்றிருந்தது.

சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அப்போது 7.2. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம். என் நாற்காலியில் உட்காரும் ஐம்பது வயதுக்காரர்களிடம் "சர்க்கரை இருக்கா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "எவ்வளவு இருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டால் தாடை மேடு சுருங்கும். இது எல்லோருக்கும் நடப்பது. பல் இருப்பதால் மட்டுமே உயிரோடு இருக்கும் மெல்லிய எலும்பு ஒன்று குழிச் சுவரை உள்பக்கமாக ஒட்டியிருக்கிறது. பல் போனதும் அதற்கு வேலை இல்லை, அது போய்விடும். முதல் ஓராண்டில் அகலத்தில் பாதி வரை குறையலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே. சுவர் ஏற்கெனவே பாதி இல்லாத இவருக்கு அது இன்னும் அதிகமாகவே நடக்கும். பின்னாளில் இம்பிளான்ட், அதாவது தாடையில் பதிக்கும் ஸ்குரு பல், வைக்க எண்ணமிருந்தால் குழியை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஊழியர் சேமநிதியிலிருந்து பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை சிறப்பாக எடுக்க அரசாங்கம் அனுமதித்திருந்தது. அதில் வீட்டுக் கூரையைச் சரிசெய்தது போக மீதியில் பல்லைப் பிடுங்கி, குழியை நிரப்பிவிடுவது என்று முடிவு செய்தார். இம்பிளான்ட்டுக்கான பணம் "அப்புறம் பார்த்துக்கலாம்." அந்த 'அப்புறம்' எப்போது என்று நான் கேட்கவில்லை.

மாடு வேண்டாம்

குழியை நிரப்ப நம்மிடம் உள்ள சாமான்கள் நான்கு வகை. நோயாளியின் சொந்த எலும்பு. இறந்தவர் தானமாகக் கொடுத்த எலும்பு. கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி இப்படிப்பட்ட ஒட்டுகளைத் தயாரிக்கிறது. விலங்கு எலும்பு, பெரும்பாலும் மாடு, சில நேரம் பன்றி. கடைசியாக, ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கைக் கனிமம்.

உலகம் முழுதும் பல் மருத்துவர்கள் அதிகம் பயன்படுத்தும் சாமான்களில் ஒன்று மாட்டு எலும்புத் துகள். எலும்பைச் சுட்டு, காரத்தில் ஊறவைத்து, கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கனிமக் கூட்டை மட்டும் மிச்சம் வைப்பார்கள். மருத்துவ ரீதியாக அது மாடு என்பதற்கு அடையாளமே இருக்காது. ஆனால் மருத்துவ ரீதியாக என்பது வேறு, வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் ஒருவருக்கு என்பது வேறு. இந்த ஊரில் வேலை செய்பவர் எல்லா நோயாளியிடமும் இதைச் சொல்லித்தான் தீர வேண்டும்: இந்துக்களிடம் மாடு, முஸ்லிம்களிடம் பன்றி, இரு தரப்பாரிடமும் மேலே போர்த்தும் சவ்வு எதிலிருந்து வந்தது என்பதும். துகளைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சவ்வைப் பற்றி மறந்துபோவது சகஜம். கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வுகளில் பெரும்பாலானவை பன்றி அல்லது மாட்டிலிருந்து வருபவை.

அக்கா யோசிக்கவேயில்லை. "மாடு வேணாம் டாக்டர். பொணத்து எலும்பும் வேணாம்."

ஆக, செயற்கை. நான் எடுத்தது பீட்டா டிசிபி, அதாவது ட்ரைகால்சியம் பாஸ்பேட். அரை கிராம், துகள் அளவு அரை முதல் ஒரு மி.மீ. மேலே போர்த்த அவருடைய சொந்த ரத்தத்திலிருந்தே எடுத்த ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப் புரதம்) படலம். உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் ரத்தத்தைச் சுழற்றினால் நடுவில் மஞ்சள் நிறக் கட்டியாகத் திரளும். 2001இல் பிரான்சில் ஜோசப் சுக்ரூன் என்பவர் அறிமுகப்படுத்திய முறை. அதை அழுத்தித் தட்டையாக்கினால், ஈரமான அப்பள மாவுபோல ஒரு சின்னப் படலம். அக்கா அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "என் ரத்தமா இது? வெள்ளையா இருக்கே" என்றார்.

இதை ஒட்டு என்று சொன்னபோது ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் தயாராக இல்லை.

"நாங்க தோட்டத்துல ஒட்டுக் கட்டுனா, ஒட்டுன மொட்டுதான் மரமா வரும். அடிக்கன்னுக்கு மேல வெட்டி எறிஞ்சிடுவோம். இங்க ஒட்டுனது போயிடும், அடியில இருக்கறது வளரும்னு சொல்றீங்க. அப்ப இது ஒட்டா?"

அவர் சொன்னது சரி. 'ஆர்ஆர்ஐஎம் 600' என்ற ரப்பர் ரகத்தின் மொட்டைக் காட்டுக் கன்றில் கட்டினால் நாற்பது அடி உயரம் நிற்பது அந்த மொட்டின் வம்சம்தான். தாடையில் நாம் வைப்பது அப்படியில்லை. தென்னங்கன்றுக்கு வெயில் படாமல் கட்டும் பந்தல்போல, கன்று பிடித்ததும் பந்தல் உதிர வேண்டும். எவ்வளவு நாளில் உதிர வேண்டும் என்பதுதான் பேச்சே.

உள்ளே நடப்பது

பீட்டா டிசிபி என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு பீங்கான். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் 1.5. நம் எலும்பின் சொந்தக் கனிமத்துக்கு நெருக்கமான ஹைட்ராக்ஸி அபடைட்டில் அது 1.67. தாளில் சின்ன வித்தியாசம்தான். கரையும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டிசிபி மாதக் கணக்கில் போய்விடும். நன்றாகச் சுட்டு இறுக்கிய அபடைட் பல ஆண்டு ஆனாலும் அசையாது.

கரைவது இரண்டு வழியில். முதல் வழி வெறும் வேதியியல். துகளைச் சுற்றிய திரவம் மெல்ல மெல்ல அதைக் கரைக்கும். அறுவை நடந்த முதல் நாட்களில் காயம் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருப்பதால் இது சற்று வேகமாக நடக்கும். துகளில் துளைகள் அதிகம் என்றால் திரவம் படும் பரப்பும் அதிகம், கரைவதும் வேகம். ஆனால் துளை இல்லாமலும் முடியாது. புது ரத்தக் குழாயும் எலும்பும் உள்ளே நுழைய ஏறக்குறைய 100 மைக்ரானாவது அகலமுள்ள, ஒன்றோடொன்று சேர்ந்த துளைகள் வேண்டும்.

இரண்டாவது வழி செல்களின் வேலை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற பெரிய செல், பல கருக்கள் கொண்டது, துகளின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல உட்காரும். விளிம்பை இறுக்கமாக ஒட்டி அடைத்துவிடும். அப்புறம் அடைபட்ட அந்தச் சின்ன அறைக்குள் அமிலத்தை இறைக்கும். அங்கே பிஎச் 4.5 அளவுக்கு இறங்கும். தோட்டத்தில் பால் ஸ்டோரில் நின்றவர்களுக்கு இது புரியும். ரப்பர்ப் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைக்கும்போது கிட்டத்தட்ட இதே புளிப்புக்குத்தான் கொண்டுவருவார்கள். அந்தப் புளிப்பில் கனிமம் கரைந்து ஓடும். கரைந்து உடைந்த தூளில் மிகச் சிறியதை மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும்.

கிளாஸ்ட் அரித்துவிட்டுப் போன பள்ளத்தில்தான் ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற எலும்பு கட்டும் செல் வந்து புது எலும்பைப் பூசும். அரிப்பவரும் பூசுபவரும் ஒருவர் பின்னால் ஒருவர் வரும் கூலிகள். முன்னவர் சீக்கிரம் போய், பின்னவர் தாமதித்தால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், ஈறு உள்ளே சரிந்துவிடும். சர்க்கரை அதிகமுள்ள உடம்பில் தாமதிப்பவர் பெரும்பாலும் பின்னவர்தான். கொலாஜனில் சர்க்கரை ஒட்டிச் சேரும் கழிவுகள் எலும்பு கட்டும் செல்களின் கையைக் கட்டிப்போடும்.

கரைந்த கால்சியம் எங்கே போகும்? அக்காவின் கவலை இதுதான்: "கிட்னியில கல்லு வந்துடாதே?" கணக்குப் போட்டுக் காட்டினேன். அரை கிராம் டிசிபியில் கால்சியம் ஏறக்குறைய 190 மில்லிகிராம். ஒரு பெரிய கிளாஸ் பாலில் சுமார் 300 இருக்கும். அந்த 190ம் மாதக்கணக்கில் துளித்துளியாக ரத்தத்தில் கலக்கிறது. கொஞ்சம் பக்கத்து எலும்புக்கே திரும்பும். மிச்சம் சிறுநீரில் போகும், யாருக்கும் தெரியாமல்.

எல்லாவற்றிலும் சீக்கிரம் போவது கால்சியம் சல்பேட், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜெர்மனியில் டிரீஸ்மன் 1892லேயே எலும்புக் குழிகளை அதனால் அடைத்திருக்கிறார். நான்கு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். புது எலும்பு முற்றுவதற்கு முன்பே பந்தல் விழுந்துவிடுவதால் தனியாக அதை நான் வைப்பதில்லை. பீட்டா டிசிபிக்குப் பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சொல்வார்கள். துகளின் துளை, அளவு, நோயாளியின் உடம்பு, வைத்த இடம் எல்லாம் சேர்ந்து அதை ஏற்றி இறக்கும். மாட்டு எலும்புத் துகள் ஆண்டுக்கணக்கு.

முதல் நான்கு மாதம்

பத்தாம் நாள் தையல் பிரித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மூன்று துகள்கள் வெளியே வந்ததாகச் சொன்னார், "நெறநெறன்னு மண்ணு மாதிரி." ஃபைப்ரின் படலம் ஒன்றிரண்டு வாரத்தில் தானே கரையும், ஈறு மூடுவதற்குள் சில துகள் தப்பிப்பது உண்டு.

நான்காம் மாதம், தீபாவளி முடிந்து வந்தார். எக்ஸ்ரேயில் துகள்கள் தெரிந்தன, ஆனால் முதல் நாள் படத்தில் உப்புக்கல்போலக் கூர்மையாக இருந்த விளிம்புகள் இப்போது கலங்கியிருந்தன. துகளுக்கும் துகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் புது எலும்பு. இதுதான் நல்ல நேரம். இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் இம்பிளான்ட் வைக்கலாம் என்றேன். ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளி ஆகும் என்றும் சொன்னேன். "சரி டாக்டர்" என்றார். அந்தச் 'சரி'யை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் டாக்டரிடம் சொல்லும் சரிக்குப் பல பொருள் உண்டு. அதில் ஒன்று, "இப்போ என்கிட்ட காசு இல்ல, அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

இருபது மாதம் கழித்து

திரும்பி வந்தபோது சேமநிதியைத் தவிர வேறு விஷயங்களும் நடந்திருந்தன. எச்பிஏ1சி 7.9க்கு ஏறியிருந்தது. ஓராண்டாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் பல் ஒன்று போட்டிருந்தார். எங்கே கட்டியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது ஒட்டு வைத்த மேட்டின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது, கடிக்கும்போதெல்லாம் அழுத்தியிருக்கும்.

ஈப்போவில் 3டி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், அரை மணி நேர ஓட்டம். பல் பிடுங்கிய அன்று நான் அளந்தபோது மேட்டின் அகலம் 10 மி.மீ. ஸ்கேனில் 5.8. உயரம் போதும், கீழே நரம்புக் குழாய்க்கு மேல் 12 மி.மீ. இருந்தது. துகள்? திரையில் வெட்டு வெட்டாக நகர்த்தித் தேடினேன். நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். மற்றதெல்லாம் சாதாரண எலும்பு.

காரணம் ஒன்று மட்டும் என்று சொல்ல மாட்டேன். கன்னப் பக்கச் சுவர் ஆரம்பத்திலேயே அரைகுறை. சர்க்கரை. பிளாஸ்டிக் பல்லின் அழுத்தம். ஆனால் முக்கியமானது என் கணிப்பில் இதுதான்: துகள் இருந்தவரை அது மேட்டைத் தாங்கிப் பிடித்தது; அது கரைந்து எலும்பு வந்த பிறகு, அந்த எலும்புக்கு வேலை இல்லை. 1892இலேயே, மேலே சொன்ன பிளாஸ்டர் ஆண்டிலேயே, ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் சொன்ன விஷயம்: எலும்பு தன் மேல் ஏறும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பாரமே இல்லாத எலும்பை உடம்பு வைத்துக் காப்பாற்றாது. ஆறாம் மாதம் இம்பிளான்ட் போயிருந்தால், ஒவ்வொரு வாய்ச் சோறும் அந்த எலும்புக்கு வேலை கொடுத்திருக்கும்.

அண்ணனின் எக்ஸ்ரே

இந்த நேரத்தில்தான் அக்காவின் அண்ணன் வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி வைத்திருப்பவர். 2015இல் வேறொரு ஊர் கிளினிக்கில் மேல்தாடையில் இம்பிளான்ட் வைத்திருந்தார். அதற்காக மூக்கின் பக்கத்துக் காற்றறையின் தரையை உயர்த்தி, அடியில் துகள் நிரப்பியிருந்தார்கள். இந்த முறையைப் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் 1980இல் வெளியிட்டார்கள். தங்கச்சிக்கு ஏன் 'போயிடுச்சு', தனக்கு ஏன் போகவில்லை என்று அவருக்குச் சந்தேகம்.

படம் எடுத்துப் பார்த்தோம். ஒன்பது வருடம் ஆகியும் இம்பிளான்ட்டைச் சுற்றித் துகள்கள் சர்க்கரைக் கட்டியை நொறுக்கிப் போட்டதுபோல வெள்ளை வெள்ளையாக அப்படியே கிடந்தன. இம்பிளான்ட் கல்போல நின்றது. அவர் கொண்டுவந்த பழைய அட்டையில், அறுவையின்போது ஒட்டும் சின்ன லேபிளும் இருந்தது. மாட்டு எலும்பு.

அவர் கேட்டார், நானும் வாசித்துச் சொன்னேன்.

"ஒன்பது வருசமா நான் மாட்டு எலும்புலதான் சாப்டுக்கிட்டு இருக்கேனா?"

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு யாரும் அவரிடம் சொல்லவில்லையாம்; கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாராம். இம்பிளான்ட் எவ்வளவு நன்றாக நின்றாலும் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம் என்பேன்.

ஆனால் படம் காட்டியது உண்மை. மாட்டுத் துகள் மேல்தாடையில் 11 ஆண்டு கழித்தும் எலும்புக்கு நடுவே இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். அதைச் சுற்றி எலும்பு ஒட்டி வளரும், ஆனால் அதை உடம்பு அரித்து எடுப்பது மிக மிக மெது. காற்றறைக்கு இது நல்லது. ஒவ்வொரு மூச்சிலும் காற்றறை தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். வேகமாகக் கரையும் துகளை வைத்தால் உயர்த்திய தரை இறங்கிவிடும். சிலருக்கு இது பிடிப்பதில்லை: தாடையில் இருப்பது சொந்த எலும்பா, கல்லும் எலும்பும் கலந்த காங்கிரீட்டா என்பார்கள். எனக்கு இடத்தைப் பொறுத்து. இம்பிளான்ட் நிற்கும் நடுப்பகுதியில் சொந்த எலும்பு வேண்டும். வெளிப்புறத்தில் வடிவத்தைக் காக்கக் கல் இருந்தாலும் பாதகமில்லை.

இரண்டாம் முறை

2024 ஏப்ரலில் ஈறைத் திறந்தேன். நடுவில் குழாய்போன்ற துரப்பணத்தால் சின்ன உருளை ஒன்றை எடுத்தேன். சும்மா ஒரு ஆர்வம்தான். எலும்பு நல்ல இறுக்கம், வெட்டு முகத்தில் ரத்தம் கசிந்தது. உருளையின் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைத் துகள், கடுகில் பாதி, நகத்தால் தொட்டால் உதிரும் நிலையில். அதைத் துணியில் வைத்து அக்காவுக்குக் காட்டினேன். "இது ஒண்ணுதான் மிச்சமா?" என்றார். ஆமாம். மற்றதெல்லாம் நீங்கள்தான்.

4 மி.மீ. இம்பிளான்ட்டை நாக்குப் பக்கமாகச் சற்று நகர்த்தி வைத்தேன். அப்படியும் கன்னப் பக்கம் மேல் விளிம்பில் எலும்பு போதவில்லை, மேல் இரண்டு புரிகள் வெளியே தெரிந்தன. துரப்பணத்தில் சேர்ந்த அவருடைய சொந்த எலும்புச் சீவலை முதலில் புரிமேல் ஒட்டி, அதன் மேல் இரு கலவைத் துகள் வைத்தேன். அது 60 பங்கு ஹைட்ராக்ஸி அபடைட், 40 பங்கு டிசிபி. டிசிபி முன்னால் கரைந்து எலும்புக்கு இடம் விடும், அபடைட் நின்று மேட்டின் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். மாடில்லாமல் அண்ணனின் எக்ஸ்ரேயில் பார்த்த நிலைத்தன்மையில் கொஞ்சத்தையாவது வாங்க எனக்குத் தெரிந்த வழி இது.

சவ்வுக்கும் மாடு, பன்றி இரண்டும் வேண்டாம் என்றதால் பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த சவ்வு. இது செல்களை நம்பிக் கரைவதில்லை. தண்ணீர் உள்ளே புகுந்து நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும், கடைசியில் லாக்டிக் அமிலம் மிஞ்சும். ஓடிக் களைத்த தசையில் சேரும் அதே அமிலம். உடம்பு அதை எரித்துக் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆக்கிவிடும்.

"அப்ப இந்த சவ்வு மூச்சுல போயிடுமா?"

பெரும்பகுதி அப்படித்தான் போகும் என்றேன். அவருக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போய், வெளியே காத்திருந்த அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

ஆறாம் வாரம் ஈறு கொஞ்சம் தடித்துச் சிவந்தது. சீழ் இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சவ்வு உடையும் பருவத்தில் அமிலம் ஒரே இடத்தில் சேர்ந்தால் இப்படி ஆவதுண்டு. ஆன்டிபயாட்டிக் எழுதக் கை போனது, எழுதவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, பத்து நாளில் தானே அடங்கியது. அந்தப் பிளாஸ்டிக் பல்லை அறுவை நாளிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவில்லை.

2024 நவம்பரில் உறை பொருத்தினோம். எச்பிஏ1சி 7.3க்கு இறங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் கன்னப் பக்கத் துகள்கள் தெரிகின்றன, விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது. கன்னப் பக்கம் விரல் வைத்தால் இப்போது மேடு தட்டுப்படுகிறது, பழைய 10 மி.மீ. திண்ணை இல்லை, ஆனால் போதும்.

என் பதிவு அட்டையில் ஒட்டு வைக்கும் நோயாளிகளுக்காக இப்போது இரண்டு கேள்விகள் கூடுதலாக உண்டு. மாடு, பன்றி, மனித எலும்பு, எதற்கு ஆட்சேபம்? அடுத்த கட்டத்துக்குப் பணம் எந்த மாதம் வரும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆறு மாதத்துக்குள் என்றால் டிசிபியை எடுக்கிறேன். ஓராண்டுக்கு மேல் என்றால் இரு கலவைத் துகள். "தெரியல" என்று பதில் வந்தால், துகள் வைக்காமல் குழியைத் தானே ஆற விட்டு, பணம் சேர்ந்த பிறகு ஒரேயடியாகச் செய்துகொள்ளலாம், அப்போது வேலை கொஞ்சம் கூடும் என்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டுச் சிலர் நிம்மதியாக எழுந்து போகிறார்கள்.

அக்காவின் அடுத்த படத்துக்கு 2025 நவம்பர் என்று குறித்தோம். தேதியை அவரே தன் காலண்டரில் எழுதிக்கொண்டார்.